சின்ன லாப்டாப், பெரிய டேப்லெட், ஒரே ஆள்

எங்கள் ஊர் புந்தோங்கில் என்னிடம் இருப்பதைவிடப் பெரிய டேப்லெட் யாரிடமும் கிடையாது.

பொய். வாங்கிய கடையிலேயே இதைவிடப் பெரியது கண்ணாடிக்குள் இருந்தது. எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் வைத்திருப்பதும் என்னுடையதைவிட ஒரு விரல் அகலம் கூடத்தான். ஆனால் அந்த வீட்டில் ஆட்கள் அதிகம். தலைக்கு இவ்வளவு என்று திரையைப் பங்கு போட்டால் நான்தான் முதலில் வருவேன். என் வீட்டில் எதற்கும் பங்கு கிடையாது. ஒரு சோற்றுச் சட்டி, ஒரு தட்டு, ஒரு காற்றாடி, ஒரு சின்ன லாப்டாப், ஒரு பெரிய டேப்லெட். எல்லாம் எனக்கே.

லாப்டாப் மகள் விட்டுப்போனது. காலேஜ் படிக்கும்போது வாங்கியது. கல்யாணமாகி சிங்கப்பூர் கிளம்பிய அன்று மேசையில் திறந்து வைத்துவிட்டு, "அப்பா, இது ஒங்களுக்குத்தான். மூடிறாதீங்க, மூடுனா பாஸ்வர்ட் கேக்கும்" என்றாள். அன்றிலிருந்து நான் அதை மூடவில்லை. தூசி விழாமல் மேலே துண்டு போட்டு வைப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. யார் யாரை விட்டது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. அதனால் என்னிடம் கேள்வி கேட்கிற எந்தப் பொருளைக் கண்டாலும் பயம். இதைக்கூட அந்த லாப்டாப்பில்தான், ஒற்றை விரலால், கோழி கொத்துகிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் திரை ரொம்பச் சின்னது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை அதன்மேல் பிரித்து வைத்தால் மறைந்துவிடும். வைத்துப் பார்த்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் எனக்கு அதில் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் உண்டு. அன்றைக்குத்தான் பெரட்டு.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் எல்லோரும் கூட வேண்டும். கணக்கு எழுதும் கிராணி பெயர் வாசிப்பார். வந்த ஆள் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆனால் இருட்டு. கிராணிக்கு விளக்கு வெளிச்சத்தில் தன் மூக்குக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். முதல் நாள் குடித்துவிட்டு எழுந்திருக்காதவனுக்காக மச்சான்காரன் கொடுப்பான். மீசை முளைக்கிற வயதில் எனக்கு ஐந்தாறு குரல் வரும், பெண் குரல் உட்பட. ஒருநாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குக் குரல் கொடுத்துவிட்டு என் பெயர் வரும்போது மறந்து நின்றேன். அன்றைக்கு எல்லோரும் பால் வெட்டப் போனார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் தோட்டத்தை விற்றார்கள். மரம் போனது, லயம் போனது, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோதுதான் ஓர் அக்கா இந்த வீடியோ பெரட்டை ஆரம்பித்தார். எங்களுக்கு எதிர் லயம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வானவர், இப்போது காம்பாரில் யூனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறார். அந்தப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரே திரையில் நிறுத்தினார். கிராணி வேலையும் அவரே. பெயர் வாசிப்பார், நாங்கள் "வந்தாச்சு" என்போம். கடைசியில் "ஆள் சரி" என்பார். அதற்கப்புறம்தான் பேச்சு.

அப்போதெல்லாம் கூட்டம் நெரியும். என் நாசி லெமாக் திரையில் ஒவ்வொரு முகமும் ஒரு வேர்க்கடலை அளவுதான் தெரியும். ஒரு வாரம், எங்கள் லயத்து அக்காள் ஒருவர் என்று நினைத்து ஒரு முகத்தைப் பார்த்து, "என்னாக்கா, எளைச்சிப்போயிட்டீங்க, மீசை வேற வந்திருச்சு" என்று சொல்லிவிட்டேன். அக்காள் இல்லை, அவர் புருஷன். அவர் கோபப்படவில்லை. "அக்கா உள்ளாற சமைக்கிறா, மீசை எனக்குத்தான்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற முகம் எதுவென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் முடிவு செய்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் நிறைய ஞாயிறுகள் போய்விட்டன. நான் ஜாகா வேலை பார்க்கிறேன், ஒரு கார் பார்க்கில் கட்டையைத் தூக்கி இறக்கும் உத்தியோகம். கட்டை இப்போது தானாகவே தூக்கிக்கொள்கிறது. அது ஒழுங்காகத் தூக்குகிறதா என்று பார்க்கத்தான் நான். அப்படிச் சேர்த்து ஒருவழியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெண்மணி முதலில், "அங்கிள், ரூமா அடா லாப்டாப் தாக்?" என்று கேட்டார். வீட்டில் லாப்டாப் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். "அடாலா" என்றேன். "ஹாபிஸ், பெலி இனி புவாட் அப்பா?" என்றார். அப்புறம் இது எதற்கு என்கிறார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். "முகம் பெரிதாகத் தெரியும்" என்று மலாயில் சொன்னேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அதைப் பெரிதாகப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்கிற மாதிரி பில் போட்டார்.

வாங்கி வந்து பார்த்தால், முகங்கள் ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருந்தன.

அதற்கு டேப்லெட் தேவைப்படவில்லை. ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் கட்டம் தானாகவே பெரிதாகிறது. மீசைக்காரர் போய்ச் சேர்ந்தார், அவரோடு அந்த அக்காளும் வருவது நின்றது. சிலருக்கு மறுபடி ஞாயிறு வேலை வந்தது. சிலருக்குப் பேரப்பிள்ளை வந்தது. கடைசியாக, சிலிம் ரிவரில் இருக்கிற மச்சான் ஒருவன் வாடகைக் கார் ஓட்டப் போய்விட்டான். "ஞாயித்துக்கெழமதான் மச்சான் ஓட்டம் நல்லா இருக்கு" என்றான். மிச்சம் மூன்றே பேர். காம்பார் அக்கா, ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிற அண்ணன், நான். மூன்று பேர் என்றால் லாப்டாப்பிலேயே மூக்கு முடி தெரியும்.

மச்சான் நின்ற வாரம் அக்கா சொன்னார்: "மூணு பேருக்கு என்னாடா பெரட்டு? நாலு பேராச்சும் இருந்தாத்தான் ஆள் சரின்னு சொல்ல வாய் வருது. அடுத்த வாரமும் இப்படின்னா நிப்பாட்டிருவோம்லா. போன்ல பேசிக்கலாம்."

போனில் பேசிக்கலாம் என்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மகளும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு டேப்லெட்டைத் திறந்து, அக்கா அனுப்பிய லிங்க்கை அமுக்கினேன். பழக்க தோஷத்தில் லாப்டாப்பிலும் முன்பே அமுக்கித் துண்டைப் போட்டிருந்தேன், அது ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. ஒன்றிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இன்னொன்றில் சேர வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். இரண்டும் ஒன்றையொன்று கேட்டு 'கூ' என்று கத்த ஆரம்பித்தன.

"யாருடா அங்க ஊள விடுறது?" என்றார் அக்கா. நான் பயந்து டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடி, அரிசி டின் மேல் சாய்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து லாப்டாப் மேலிருந்த துண்டை எடுத்தேன். அதற்குள் அக்கா எண்ணிவிட்டார். "பரவாலியே, நாலு கட்டம் தெரியுது. யாரு அது, நாக்காலிய மட்டும் காட்டிக்கிட்டு?"

அவ்வளவுதான். ஆபீஸ் வாசல் இருட்டு என் கண்முன்னால் வந்து நின்றது. "பக்கத்து வீட்டுக்காரரு, அக்கா," என்றேன். "அவரும் பழைய தோட்டத்து ஆளுதான். நம்ம பெரட்டக் கேட்டு ஆசையா இருக்காரு. கூச்சம், மொகம் காட்ட மாட்டாரு."

"சரி. ஆள் சரி" என்றார் அக்கா.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நான் இரண்டு ஆள். அடுப்படி நாற்காலிக்கு என் ஜாகா சட்டையை மாட்டி உள்ளே தலையணை திணித்துவிடுவேன். டேப்லெட்டில் தோள் வரைதான் தெரியும். பார்த்தால் எனக்கே மரியாதை வரும். நான் போடும்போது அந்தச் சட்டை அப்படி நிமிர்ந்து நின்றதே இல்லை. பெயர் வாசிக்கும்போது கூடத்தில் ஒரு "வந்தாச்சு", ஓடிப்போய் அடுப்படியில் கொஞ்சம் தடித்த குரலில் இன்னொரு "வந்தாச்சு".

ஒருமுறை ரொட்டிக்காரர் ஹாரன் இரண்டு கட்டத்திலும் கேட்டுவிட்டது. "அதென்னாடா, ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல ரொட்டி?" என்றார் அக்கா. "பக்கத்து வீடுதானேக்கா!" என்றேன். இவ்வளவு மூளை இருந்தும் நான் ஏன் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா, "அவரு சாப்பிட்டாராடா? ஒரே சட்டியிலதான ஆக்குறீங்க?" என்றார். பெரட்டில் அவரும்தான் எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவர்.

ஆயர் தாவார் அண்ணன் அப்படி இல்லை. அவருக்குக் கண் மங்கல், காதும் பாதிதான். தோட்டத்தில் எனக்கு அடுத்த வீடு. அவர் நம்பிவிட்டார். போன வாரம் பெரட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நான் அடுப்படியில் டேப்லெட்டைச் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் லாப்டாப் இன்னும் துண்டுக்கடியில். அண்ணனும் சீக்கிரமே வந்துவிட்டார். திரையில் அவரும் சட்டையும் மட்டும்.

"தம்பி, இருக்கீங்களா?"

நான் அடுப்புப் பக்கம் ஒதுங்கி நின்று "ம்" என்றேன்.

"அவன் இன்னும் வரலயா, ஒங்க பக்கத்து வீட்டு ஜோக்கரு?"

"ம்ம்."

"நல்லதாப் போச்சு." அண்ணன் திரைக்குக் கிட்டே வந்தார். நெற்றி மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. "ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்னா தம்பி. மகன் நல்லாத்தான் பாத்துக்கிறான். மருமக சீன வீட்டுப் புள்ள, தங்கமான புள்ள, நேரத்துக்கு மருந்து குடுத்துரும். பேரப் புள்ளைங்க எல்லாம் இங்கிலீசு. மகன் வேலை முடிஞ்சி வாரப்ப நான் தூங்கிருவேன். வாரத்துல நான் தமிழ் பேசுறது இந்தப் பெரட்டுலதான். அக்கா நிப்பாட்டிறலாம்னு சொன்னப்ப, இனிமே யாருகூடப் பேசுறதுன்னு நெனச்சேன். நீங்க வந்தீங்க, நின்னுச்சு. சாமி மாதிரி வந்தீங்க."

தேத்தண்ணீர் வழிந்து கையைச் சுட்டது. நான் கத்தவில்லை.

"இத அவங்கிட்ட சொல்ல முடியாது தம்பி. நல்லவந்தான். ஆனா என்னா சொன்னாலும் சிரிச்சே கொன்னுருவான், சின்னதுலேருந்து அப்படித்தான். அவங்கிட்ட யாரு போயி கஷ்டத்தச் சொல்லுவா?" காதைத் திரைப் பக்கம் திருப்பினார். "நீங்களும் தனியாதான் இருக்கீங்களா?"

"ம்" என்றேன். அது பொய் இல்லை.

அன்றைக்குக் கூடத்துக்குப் போய்த் துண்டை எடுத்துவிட்டு, "என்னாண்ணே, நெத்தி பெருசாயிருச்சு, கூரை ஓடு மாத்தணும் போல" என்றேன். அண்ணன் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற மாதிரியேதான். வாயைத் திறந்தால் எனக்கு வேறு ஒன்றும் வருவதில்லை.

இன்றைக்கு ஞாயிறு. சட்டையைத் துவைத்து மாட்டியாகிவிட்டது. டேப்லெட் அரிசி டின் மேல் இருக்கிறது. வாரம் முழுக்க ஒரே யோசனை. அந்தச் சட்டைக்குள் நான்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி மூன்று பேர், அக்கா என்னதான் தெரியாத மாதிரி இருந்தாலும் அண்ணன் முன்னால் நான்கு என்று எண்ண முடியாது. சொல்லாவிட்டால் பெரட்டு நடக்கும், அண்ணனும் பேசுவார். ஆனால் தலையணையோடு பேசுவார், என்னோடு இல்லை. சின்ன லாப்டாப் இருக்கும்போது பெரிய டேப்லெட் எதற்கு என்று அந்தக் கடைக்காரப் பெண்மணி கேட்டாரே, இப்போது கேட்டால் சொல்லுவேன். ஒன்றில் நான் சிரிக்க வைக்கிறேன், இன்னொன்றில் காது கொடுக்கிறேன். இரண்டையும் ஒரே பெட்டியில் செய்ய எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் சொல்வதென்றால் ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மகள் பிறக்கும் நேரம் என் சம்சாரத்துக்கு வலியெடுத்த அன்று விடியற்காலை நான் அவளைச் சைக்கிளில் வைத்து டிஸ்பென்சரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரட்டில் என் பெயரை வாசித்தபோது இதே அண்ணன்தான் எனக்காகக் குரல் கொடுத்தார். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாத மனிதர். என் குரல் மாதிரி வர வேண்டும் என்பதற்காக அவர் அன்றைக்கு என்ன செய்தார் என்றால், முதலில்...

அடுப்படியில் அண்ணன் கூப்பிடுகிறார். "தம்பி! தம்பி, இருக்கீங்களா?"

என்னை இல்லை. அந்த ஆளைத்தான். இருங்கள், போய் "ம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.