போ என்று பெயர்

எங்கள் தெரு நாய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதுவாகவே ஒன்றை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லி ஒரு முறை அதைச் சாவுக்கு அனுப்பப் பார்த்தேன், ஒரு முறை மீட்டுக்கொண்டு வந்தேன். இரண்டையும் எழுதிவைக்கிறேன். ஏனென்றால் என்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்கள் எல்லாரும் பாதிக் கதையைத்தான் பேசினார்கள்.

ஆற்றுக்குத் தென்கரையில் முஸ்லிம் நெசவாளர்கள் நெருங்கி வாழ்ந்த தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு தறி. துணி நெய்வதற்கு முன்னால் நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவிடுவோம். அதற்குப் பாவு என்று பெயர். கஞ்சி வாசனை பட்டதும் எங்கிருந்துதான் வருமோ, ஊரில் உள்ள ஆடெல்லாம் வந்துவிடும். ஓர் ஆடு நாலு நக்கு நக்கினால் போதும், நூல் அறுந்து ஒரு வீட்டுப் பாடு முழுக்க வீண். இந்தச் செவலை நாய் பாவுக்கு அடியில் நிழலாகப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். தெருமுனையில் ஆட்டுக் காது தெரிந்தாலே எழுந்து ஓடும். கடிக்காது, விரட்டும், திரும்பி வந்து படுக்கும். இந்த வேலையை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஒருத்தரும் அதைத் தொட மாட்டோம். நாயின் ஈரம் மேலே பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்து முறை. காலையிலிருந்து நூலும் கஞ்சியுமாகக் கிடக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அதனால் மிச்சச் சோற்றைத் தூர எறிந்து, "போ, அங்கன போய்த் தின்னு" என்போம். வாசலில் ஏறினால் "போ". காலருகே வந்து வாலாட்டினால் "போ". நாய் என்னத்தைக் கண்டது? அந்தச் சத்தம் கேட்ட பிறகு சோறு விழுகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். "வா" என்று கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. "போ" என்றால் விழுந்தடித்துக்கொண்டு வரும். வெளியூரிலிருந்து வந்த என் நாத்தனார் அதை விரட்டப் போய், அது கிட்டே கிட்டே வர, திண்டாடிப்போய் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்தக் காலத்தில்தான் முனிசிபாலிட்டி கொண்டித் தொழுவைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பயிரில் விழும் ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் இடம் அது. அதுவரை ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். பாவை நக்கின ஆட்டைப் பிடித்து நாங்களே ஓட்டிக்கொண்டு போய் அடைப்போம், ஆட்டுக்காரி வந்து எங்களோடு நாலு வார்த்தை ஏசிவிட்டு அவிழ்த்துக்கொண்டு போவாள், சண்டை அன்றோடு தீர்ந்தது. முனிசிபாலிட்டி வந்ததும் கூரையைப் பிரித்து ஓடு போட்டார்கள், பலகை மாட்டினார்கள், ஒரு மேஸ்திரியையும் இரண்டு ஆட்களையும் வைத்தார்கள். தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தார்கள். ஆடு, மாடு, நாய் எல்லாம் இனி முனிசிபாலிட்டியின் பொறுப்பு. பொதுஜனம் எதையும் பிடிக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது. உடையவர் இல்லாத நாயை மூன்று நாள் தொழுவில் வைத்துப் பார்ப்பார்கள், யாரும் வராவிட்டால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் நாய் தெரு நாய்தானே, தெருவே இருக்கும்போது அதற்கு உடையவர் இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். முனிசிபாலிட்டி பாஷையில் தெரு நாய் என்றால் நாதியில்லாத நாய் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நாள் காலையில், பாவு நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருக்கும்போது, கழியில் சுருக்குக் கயிறு கட்டிக்கொண்டு அந்த இரண்டு ஆட்களும் தெருமுனையில், எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நாய் தெருவின் நடுவில் நின்று அவர்களைப் பார்த்தது. தப்பி ஓடட்டும் என்று நான்தான் முதலில் கத்தினேன், "போ! போ!" என்று. எனக்குப் பின்னால் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், தெரு முழுக்க ஒரே குரலில் "போ! போ!" கத்தக் கத்த அது எங்களை நோக்கி ஓடிவந்தது. அந்த ஆட்கள் எங்களுக்கும் அதற்கும் குறுக்கேதான் நின்றார்கள். சுருக்குக்குள் தலையைக் கொடுத்த பிறகும் அது என்னைப் பார்த்து வாலாட்டியது. அல்லாவே, அந்த வாலை நான் மறக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் ஆண்கள் கூடிப் பேசினார்கள். யாராவது போய் என் நாய் என்று சொல்லி, கையால் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"நீரு போம்வே, உம்ம வாசல்லதான படுக்கும்."

"என் வாசல்ல படுத்தா எந்நாயா? தெருவுக்குப் பொதுவுல்லா."

பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்க் கேட்டார்கள். அவர் தெளிவாகவே சொன்னார், காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளத் தடை இல்லை, தொட்டால் கழுவிக்கொள்ளுங்கள் என்று. அதற்குப் பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மார்க்கம் தடுக்கவில்லை, மானம் தடுத்தது. நாய்க்காரன் என்று பட்டப்பெயர் வந்துவிடுமாம். மறுநாள் பாவில் மூன்று ஆடுகள் விழுந்தன. அடுத்த வீட்டுப் பாவு அறுந்து தொங்கியது. விரட்டத்தான் முடிந்தது, பிடித்து அடைக்க இப்போது எங்களுக்கு உரிமை இல்லையே. எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது.

"மச்சான், நாளைக்கு மூணாம் நாளு," என்றேன்.

"பொம்பள நீ என்ன செய்ய முடியும்? விட்டுரு."

"நான் போன்னு சொல்லித்தான் அது மாட்டிச்சு. நீங்க வராட்டா நான் தனியாப் போறேன்."

மூன்றாம் நாள் தூறல். பாவு போட முடியாத நாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். மச்சான் பத்தடி பின்னாலேயே வந்தார். தொழுவின் வாசல் வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டார்.

மேஸ்திரி கெட்ட மனுசர் இல்லை, ஆனால் சட்டம் சட்டம் என்று பேசுகிறவர். "ஏம்மா, நாய அடிச்சுக் கொன்னுருவோம்னு பரிதாபப்பட்டு ஆளாளுக்கு வந்து எந்நாயிங்காவ. கூட்டிட்டுப் போயி ஆத்தங்கரையில விட்டுருதாவ. உன் நாயின்னா பேரு சொல்லிக் கூப்புடு, வரட்டும். உன் கையாலயே கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போ" என்றார். உள்ளே ஓடு போடாத முற்றத்தில் இருபது நாய்களாவது இருக்கும், மழையில் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கிக் கிடந்தன. எங்கள் செவலை எது என்று எனக்கே புரியவில்லை.

"பேரு என்னம்மா?"

"போ."

"எங்கேம்மா என்னயப் போவச் சொல்லுத?"

"உங்கள இல்ல அண்ணாச்சி. நாய் பேரு போ."

அவருடைய ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நாயக் கூப்புட வந்தவ வெரட்டுதாளே" என்றான் ஒருவன். சிரிங்கலே, நல்லாச் சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கம்பிக் கதவைப் பிடித்து, கோபம் அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"போ!"

மற்ற நாய்கள் எல்லாம் பயந்து மூலைக்கு ஓடின. ஒன்று மட்டும் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தது. சிரித்தவர்களில் ஒருவன் கதவைத் திறந்து அதை வெளியே விட்டான்.

மேஸ்திரி கயிற்றை நீட்டினார். நாய் மூக்கிலிருந்து வால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன், மச்சான் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் குந்தி உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்தேன். எத்தனை வருஷமாகச் சோறு போட்ட நாய், அதன் கழுத்து இவ்வளவு சூடாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டே என் முழங்கையை நக்கியது. நான் கையை இழுக்கவில்லை. முடிச்சுப் போட்டேன்.

"உடையவருன்னு யாரு பேர எழுதட்டும்? வீட்டுக்காரரு பேரச் சொல்லு."

"கயிறு கட்டுனது நான். எம்பேர எழுதுங்க."

மேஸ்திரி என்னையும் வாசலில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு எழுதினார். சர்க்கார் காகிதத்தில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை, ஒரு நாய்க்குச் சொந்தக்காரியாக. எனக்கு அதில் ஒரு குறைச்சலும் தோன்றவில்லை.

கால்வாய்ப் படித்துறையில் உட்கார்ந்து கழுவினேன். மண்ணை அள்ளிக் குழைத்துத் தேய்த்து ஒரு தடவை, வெறும் தண்ணீரில் ஆறு தடவை. மச்சான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு என்று சொல்லி முடித்ததும் குனிந்து, நாயின் நனைந்த தலையில் தன் கையை வைத்தார்.

"கொஞ்சம் மண்ணு எடு, நானும் கழுவணும்" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்தப் படித்துறையோடு போயிற்று.

ஒரு மாதம் கழித்து, வேறு நாய் பிடிக்க மேஸ்திரியே ஆட்களோடு மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். பாவுக்கு அடியில் நாய் கழுத்துக் கயிற்றோடு படுத்திருந்தது. இதன் பக்கம் போனால் நான் சண்டைக்கு வருவேன் என்று அவருக்குத் தெரியும். அது வழியை விட்டு விலகட்டும் என்று பழக்க தோஷத்தில் கையை வீசி, "போ! போ!" என்றார். அது சட்டென்று எழுந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு அவரை நோக்கிப் பாய்ந்தது. மேஸ்திரி கழியைப் போட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் ஓடினார், நாயும் விடாமல் கூடவே ஓடியது.

"ஏம்மா, உன் நாயக் கூப்புடு!" என்று அங்கிருந்து கத்தினார்.

நான் கஞ்சிக் கையோடு எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று சொன்னேன்:

"பேரச் சொல்லிக் கூப்புட்டா வராதா அண்ணாச்சி?"