நாற்பத்தொரு குப்பிகள்

காவலுக்கென்றே பிறந்த மனிதர் சிலர் உண்டு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவிப் பிரிவில், சன்னலோரத்து மூன்றாம் மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்த கண்காணிப்பாளர் அத்தகையவர். நிதிநல்கை கேட்டுச் செல்லும் விண்ணப்பமாகட்டும், ஆய்வுப்பொருளைப் பிற நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தமாகட்டும், அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் வாசல் தாண்டியதில்லை. பிழையென்று ஒரு தாளும் வெளியிலிருந்து திரும்பி வந்ததில்லை என்பதே அவர் வாழ்வின் பெருமிதம். பேராசிரியர்கள் அவருக்கு இட்ட பெயர் சல்லடை. கடைக்கு எழுதிக்கொடுத்த பட்டியலைத் தேதியில்லை என்று திருப்பித் தந்தவர் என அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

மண்ணியல் துறையில் ஓர் ஆய்வாளர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. நிரந்தரப் பணி இல்லாதவர். ஒரு நல்கை முடியுமுன் அடுத்தது வந்தால்தான் அவருக்கு அடுத்த ஆண்டும் அந்த அறை உண்டு. நாற்றுகளின் வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சை இனமொன்றை ஒன்பது ஆண்டுகள் அலைந்து திரட்டி, நாற்பத்தொரு குப்பிகளில் உறையவைத்திருந்தார். அவற்றை எடுத்த நிலமெல்லாம் இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. புது நல்கை தருவோர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தனர்: குப்பிகளின் இரட்டைத் தொகுதி வேறொரு நிறுவனத்தில் காக்கப்பட வேண்டும். தொலைதூரப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்க முன்வந்தது. இரட்டையும் ஆயத்தமாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை மூலத்தோடு அதே ஃப்ரீசரில் காத்திருந்தது.

அங்கிருந்து ஒப்பந்தம் முதன்முறை வந்தபோது, பதிவாளர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் துறைத்தலைவர் ஒப்பமிட்டிருந்தார். கண்காணிப்பாளர் திருப்பியனுப்பினார். இரண்டாம் முறை, பாதுகாப்புக் குழுவின் அனுமதிக்கு முந்திய தேதி. அதையும் திருப்பினார். இரண்டிலும் அவர் கண்டது பிழைதான். எவரும் மறுக்க இயலாது.

மூன்றாம் முறை உடன்படிக்கையில் நாற்பது என்றும் இணைப்பில் நாற்பத்தொன்று என்றும் இருந்தது. ஒரு தொலைபேசிப் பேச்சில் தீர்ந்திருக்கும். "போன்ல கேட்டுத் திருத்திட்டு, ஓரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்களேன்" என்றார் துணைப் பதிவாளர். தொலைபேசியில் பேசியது கோப்பில் நிற்காது என்பது கண்காணிப்பாளரின் வாதம். உறையிலிட்டுத் திருப்பியனுப்பினார். ஆய்வாளர் மேசையருகே நின்று, கையைப் பிசைந்தபடி கேட்டார்.

"அண்ணே, விண்ணப்பத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு."

"உங்க நல்லதுக்குத்தாம்மா பாக்கறேன். நாளைக்கு ஒரு குப்பி எங்கேன்னு கேட்டா நீங்கதான் நிக்கணும்."

இரு வாரம் கழித்து, மூன்று நாள் தொடர் விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுபோயிற்று. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தபோது உள்ளே நீர் தேங்கியிருந்தது. குளிர் நீங்கினால் பிழைக்காத இனம் அது. அன்று பிற்பகல் தபாலில் ஒப்பந்தம் வந்தது. ஒப்பம், தேதி, எண்ணிக்கை அனைத்தும் செம்மை. கண்காணிப்பாளர் அதை மேசைமேல் விரித்துவைத்து, இருமுறை சரிபார்த்தார்.

விசாரணைக் குழு அவரை அழைத்துக் கோப்பைப் புரட்டிப் பார்த்தது. ஃப்ரீசரின் எச்சரிக்கை மணி பழுதானதற்குப் பராமரிப்புப் பிரிவைக் கடிந்தது. அவர் மேசையின் ஒழுங்கைப் பிற பிரிவுகளும் பின்பற்றலாம் என எழுதியது. அந்தத் தாளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி படித்துவிட்டு ஆறுதல் சொன்னாள்.

"உங்க மேல தப்பே இல்லன்னு எழுதியிருக்காங்களே. அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?"

"தப்புன்னு எழுதியிருந்தா சாப்பிட்டிருப்பேன்."

நம்பிக்கையின் கடைசி இழை ஒன்று மிஞ்சியிருந்தது. இறந்ததுபோல் தோன்றும் குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து ஊட்டக்கூழில் இட்டுப் பதினைந்து நாள் வைத்தால், ஏதேனும் ஒன்று முளைக்கக்கூடும். ஆய்வாளர் மூலமும் இரட்டையுமாகக் குப்பிக்கு ஒன்றென எண்பத்திரண்டு தட்டுகளில் இட்டார். கண்காணிப்பாளர் நாள்தோறும் மதிய உணவு வேளையில் அந்த அறைக்குச் சென்றார். எதைப் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். இறைவனிடம் தமக்கென எதையும் கேட்டறியாத அவர், அந்நாள்களில் ஒரு வெண்புள்ளிக்காக மன்றாடினார்.

பதினைந்தாம் நாள், அறுபத்திரண்டாம் தட்டில் வெண்மை படர்ந்திருந்தது. அவர் ஆய்வாளரைக் கூப்பிட்டார். அந்த அம்மையார் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். நிமிரும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இது அது இல்லண்ணே. பழைய ரொட்டியில பூக்குமே, அது. காத்துல வந்து உக்காந்திருக்கு."

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமாம்மா?"

"எதைண்ணே பாக்கறது?"

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வாளர் தட்டுகளை ஒவ்வொன்றாக அள்ளி, எறியுமுன் நீராவியில் அவிக்கும் கலத்தில் அடுக்கலானார். கண்காணிப்பாளரும் எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பத்திற்கு அன்று மாலை ஐந்து மணியே கடைசி. நான்கரை ஆனது, ஐந்தும் ஆனது. இருவரும் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை. கலத்தின் மூடியைத் திருகி இறுக்க ஆய்வாளருக்கு வலு போதவில்லை, கண்காணிப்பாளர் கைகொடுத்தார்.