விபூதியில் துலக்கிய நீச்சல் கண்ணாடி

என் மகளின் நீச்சல் கண்ணாடியை நான் விபூதி போட்டுத் துலக்கியிருக்கிறேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், ஈரக் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்காமலே கால் மணி நேரம் விளக்கக்கூடியவன் செய்த காரியம் இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், பினாங்குத் தீவின் கெலுகோரில் குடியிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கியது. பன்னிரண்டு வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அதை விட்டால், தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளைகளோடு நீந்தவேண்டும். நூறு மீட்டரில் முதல் இருவரை எடுப்பார்கள். அவள் வழக்கமாக இரண்டாவதாக வருவாள். ஆக, யாரும் எதையும் கெடுக்காமல் இருந்தால் இடம் நிச்சயம்.

பினாங் ரோட்டில் வாங்கிய கண்ணாடி. உள்பக்கம் ஏதோ பூச்சு இருக்கிறது, பனி படியாது என்றார் கடைக்காரர். உள்ளே விரல் வைக்கக்கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அதை வாசித்தவன் நான். பத்திரமாக மடித்து எடுத்து வைத்தவனும் நான். பிறகு, ஈரத்தோடு வைத்தால் கெட்டுவிடுமே என்ற அக்கறையில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கைக்குட்டையால் உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து வைத்தவனும் நானே. விரல்தானே கூடாது என்றார்கள்.

நான்காவது மாதம் கண்ணாடி மங்கத் தொடங்கியது. குளத்தின் நீளத்தை இரண்டு தடவை நீந்துவதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது என்றாள். அதே ரகம் கடையில் தீர்ந்துபோயிருந்தது. வேறு ரகம் அவள் முகத்தில் உட்காராமல் தண்ணீர் கசிந்தது.

பயிற்சி கொடுத்தவர் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வரும் தமிழர். என்னைவிட இளையவர், பேச்சில் சிக்கனம்.

“துப்புங்கண்ணே,” என்றார்.

“எங்க?”

“கண்ணாடிக்குள்ளதான். துப்பி, லேசா தடவி, தண்ணில ஒரு அலசு. எல்லாரும் அதான் செய்றாங்க லா.”

நாங்கள் அண்ணாந்து குடிக்கும் குடும்பம். உதட்டில் பட்ட தம்ளரைத் தனியாக வைத்துக் கழுவும் வீட்டில் வளர்ந்தவன் நான். எச்சிலைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்குவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மறுநாளே மகள் துப்புவதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவளுக்குக் கண்ணாடி மங்கவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருந்தும் திட்டினேன்.

“அவ கண்ணு, அவ எச்சி. உங்களுக்கு என்னண்ணே நட்டம்?” என்றார் பயிற்சியாளர்.

பதில் இல்லாத அப்பாக்கள் செய்வதைத்தான் செய்தேன். கூடாது என்றேன்.

மாற்று வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஷாம்பூ தடவிக் கொடுத்தேன். மகள் கண் சிவந்து அழுதுகொண்டு கரையேறினாள். அடுத்து பற்பசை. அன்று புதினா வாசனையோடு அழுதாள்.

போட்டிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் அடுக்களையில் மனைவி சாமி விளக்கை விபூதியால் துலக்கிக்கொண்டிருந்தாள். கறுத்துக் கிடந்த வெள்ளி அவள் விரலடியில் நிலவு மாதிரி வெளுத்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெளிவு பரவியது. எச்சில் இல்லை, எரிச்சல் இல்லை, போதாக்குறைக்குப் புனிதம். ஒரு சிட்டிகை எடுத்து, நனைத்து, கண்ணாடியின் உள்பக்கத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “வெளக்கத் தொலக்க ஒரு நாள் கூப்பிட்டு வந்ததில்ல. இதுக்கு மட்டும் கை வணங்குதே.”

அரை மணி நேரம் தேய்த்தேன். கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. மகளிடம் காட்டினேன். “இதுல பனி படியாதாப்பா?” என்று கேட்டாள். படியாது என்றேன். இந்தக் கதையில் எனக்கு இன்னும் வலிக்கும் இடம் அந்த ஒரு சொல்தான்.

சனிக்கிழமை காலை, அதே விபூதியை அவள் நெற்றியிலும் இட்டுக் குளத்துக்குக் கூட்டிப்போனேன்.

முதல் முப்பது மீட்டர் அவள் இரண்டாவதாகத்தான் போனாள். பிறகு கோணலாகப் போய்த் தடம் பிரிக்கும் கயிற்றில் தோள் உரசியது. விலகி மறுபக்கக் கயிற்றில் உரசினாள். குளத்தின் அடியில் கறுப்புக் கோடு ஒன்று ஓடும். சுவருக்குச் சற்று முன் அது குறுக்குக் கோடாக முடியும். அதைப் பார்த்துத்தான் குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துத் திரும்பவேண்டும். அவள் குட்டிக்கரணம் போட்டாள். உதைத்தாள். உதைத்த இடத்தில் சுவர் இல்லை. அது இன்னும் ஒரு கை தூரத்தில் இருந்தது.

நான் எழுந்து நின்றேன். பார்வையாளர் படிக்கட்டில் எழுந்து நிற்கும் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் என்ன செய்ய முடியும்? பையிலிருந்த கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

அவள் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாள். சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தொடாமல் போனால் நீக்கிவிடுவார்கள் என்று தெரியும், அதனால் திரும்பிப் போய்க் கையால் தொட்டாள். மற்றவர்கள் அதற்குள் திரும்பும் வழியில் பாதித் தூரம் போயிருந்தார்கள். தலையை வெளியே தூக்கி, வெறும் கண்ணோடு மீதியை நீந்தி முடித்தாள். கடைசி இடம்.

பயிற்சியாளர் கண்ணாடியை வாங்கி வெயிலில் பிடித்தார். ரப்பர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் வழித்து முகர்ந்தார்.

“என்னண்ணே இது, திருநூறா?”

ஆமாம் என்றேன்.

“நெத்தியில பூசுறதுண்ணே அது,” என்றார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, “உள்ள இருந்த பூச்சு சுத்தமா போயிருச்சு. கீறல் வேற,” என்றார். திட்டியிருந்தால் தேவலை. தோளில் தட்டிவிட்டுப் போனார்.

காரில் மகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தப்பு என்னுடையது என்றேன். அதோடு நிறுத்தாமல், பூச்சு போன கண்ணாடியில் ஈரம் ஏன் படலமாகப் பரவாமல் துளித்துளியாக நிற்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் துண்டை விலக்காமலே சொன்னாள். “அடுத்த வருஷம் நானே துப்பிக்கிறேன்ப்பா. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, போதும்.”