மூக்கு நுனியில் ஒரு கயிறு

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் ஜன்னல் கம்பியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கயிறு தொங்கும். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள் கோத்திருக்கும். கயிற்றின் மறுமுனையை என் மகள் தன் மூக்கு நுனியில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். இதுதான் வைத்தியம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் முதலில் வந்தது.

அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். களைத்துப்போனால் இடது கண் வெளிப்பக்கமாக நழுவும். என்னோடு பேசிக்கொண்டிருப்பாள், அந்தக் கண் மட்டும் தனியாக டிவி பார்க்கும். பள்ளியில் பிள்ளைகள் 'ஒன்றரை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கீழ்வீட்டு அக்காவோ, நாங்கள் டாக்டரிடம் போவதையே ஏதோ சாமி குத்தம் போலப் பார்த்தார்.

"மாறுகண்ணு பொண்ணு அப்பனுக்கு யோகம்பா. அத்தப் போயி இன்னாத்துக்கு சரி பண்ணிக்கினு கீற?"

யோகம் வந்த லட்சணம் எனக்குத்தானே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே லேத் மிஷின், அதே எண்ணெய்க் கறை.

பாடியில் இருக்கும் கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காததால் மூளை குழம்பிப்போய், ஒரு கண் காட்டுவதை ஒதுக்கிவிடுகிறதாம். அப்படி ஒதுக்குவதே பழக்கமாகிவிட்டால், இரண்டும் சேர்ந்து பார்ப்பது பிறகு வராமலே போய்விடலாமாம். முதலில் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், தேறாவிட்டால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதுதான் தாமதம், மகள் அவள் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே வந்த பிறகும் துப்பட்டாவை விடவில்லை.

அடுத்த வாரம் அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் கயிற்றை வைத்து விளக்கியபோது நான் உள்ளே இல்லை. மேம்பாலத்துக்கு அடியில் பைக்கை நிறுத்த இடம் தேடி, ஒரு லாரி டிரைவரிடம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்குப் பூந்தமல்லி தாண்டி ஒரு கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். அதனால் சாயங்காலப் பயிற்சி என் தலையில் விழுந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: "மணி ஒண்ணா தெரியணும்."

எனவே நானும் தினமும் கேட்டேன். "இன்னாமா தெரியுது? ஒண்ணா, ரெண்டா?"

"மணி ஒண்ணுதான் நைனா."

"கயிறு?"

"அதுவும் ஒண்ணுதான்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பேன். ஒருநாள் ஆசைக்கு நானே கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். நடு மணி ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கயிறு இரண்டாகப் பிரிந்து, மணியில் வந்து சேர்ந்து, அதைத் தாண்டி மறுபடியும் பிரிந்துபோனது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் இரண்டுதான். சரி, வயசாகிறது, நம் கண்தான் போச்சு, பிள்ளைக்காவது நேராகிவிட்டதே என்று சந்தோஷமாகவே தூங்கினேன்.

அடுத்த முறை பாடிக்கு நானே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சிப் பெண் கேட்டதும் பெருமையாகச் சொன்னேன்.

"கயிறு ஒண்ணாவே தெரியுதாம் மேடம். எனக்குத்தான் ரெண்டா தெரியுது."

அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாத்தான் சார் தெரியணும். ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சா மணி ஒண்ணு, கயிறு ரெண்டு. ஒரு கயிறுதான் தெரியுதுன்னா, ஒரு கண்ணை மூளை இன்னும் சேர்த்துக்கலன்னு அர்த்தம்."

சட்டையைப் பிடித்து உலுக்கிய மாதிரி இருந்தது. எந்தப் பதிலுக்கு முத்தம் கொடுத்தேனோ அந்தப் பதில்தான் நோய். பக்கத்து நாற்காலியில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப ஆபரேஷனா மேடம்?" என்றேன், குரலைத் தாழ்த்தி. அவளுக்குக் கேட்காது என்று எப்படித்தான் நினைத்தேனோ.

"இன்னும் கொஞ்ச நாள் பண்ணிப் பார்ப்போம் சார்."

பட்டறையில் ஒரு தண்டு கோணலா என்று தெரிய வேண்டுமானால் டயல் கேஜை வைப்பேன், முள் சொல்லிவிடும். யாருடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை. இவள் கண்ணுக்குள் எதை வைப்பது? அவள் பார்ப்பதை அவள் மட்டும்தான் பார்க்க முடியும். அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டாவது பார்க்கலாம். இதில் பெற்ற அப்பனும் வழிப்போக்கனும் ஒன்றுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு என்மேலும், முன்னால் போன பஸ் மேலும், யோகம் பேசிய கீழ்வீட்டு அக்கா மேலும் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் ஏரிப் பக்கத்துக் கொசு வருமுன் ஜன்னலைச் சாத்தினேன். கயிற்றை இழுத்துப் பிடிக்கக் கம்பியில் இருந்த முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். மறுமுனை இன்னும் தரையில்தான் கிடந்தது.

"ரெண்டு நைனா" என்றாள் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். "இன்னாமா ரெண்டு?"

"கயிறு. ரெண்டா தெரியுது."

கயிற்றை எடுத்து அவள் மூக்கு நுனியில் வைத்தேன். "நல்லா பாத்து சொல்லு கண்ணு. ரெண்டு கயிறும் எந்த மணியாண்ட வந்து சேருது?"

அவள் மணியைப் பார்க்கவில்லை. எந்த நிறம் சொன்னால் ஆபரேஷன் இருக்காது என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். வலது கண் என் முகத்தில் இருந்தது. இடது கண் மெல்ல நழுவி, சாத்திய ஜன்னல் பக்கம் போனது.