நான் எழுதியபடியே

மாத்தளை நகரில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் பார்த்துப் பிழை திருத்திய காலம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் விடுதி நடத்திய ஒருவர், ஏப்ரல் விடுமுறைக்கென்று ஆங்கிலத்தில் ஒரு விளம்பரத் துண்டு எழுதிக் கொடுத்தார். ‘த ரூம்ஸ் இஸ் வெரி கூல்’ என்று தொடங்கியது. எட்டு வரிகளில் ஆறு இலக்கணப் பிழைகள். ஆறையும் திருத்தி புரூப் அனுப்பினேன். அவர் என் திருத்தங்களைச் சிவப்பு மையால் அடித்து, ‘நான் எழுதியபடியே’ என்று குறித்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்.

வாடிக்கையாளர் கையெழுத்திட்ட புரூப்புக்கு மேல் எங்கள் அச்சகத்தில் பேச்சில்லை. வேலை முடிந்ததும் அதைச் சுவர்க் கம்பியில் குத்திவைப்போம்.

அந்தத் துண்டை அச்சுக் கோர்த்தவர் ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வருபவர். ஆங்கில எழுத்துகளை அடையாளம் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதனாலேயே கொடுத்ததை விட்டு ஓர் எழுத்தும் விலகமாட்டார். அந்த வேலையை நம்பி வீட்டில் நான்கு பேர்.

துண்டு வெளியான வாரமே விடுதிக்காரர் வந்து நின்றார். தங்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்துச் சிரித்தாராம்.

“கொழுந்து எடுக்கிற கூட்டத்துகிட்ட இங்கிலீஷ் எழுத்தக் குடுத்தா இப்படித்தான். மொதலாளி, இவன் இங்க இருந்தா இனி என் வேலை ஒண்ணும் இங்க வராது.”

நான் கம்பியிலிருந்து புரூப்பை உருவி அவர் முன் வைத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்தார். வெட்கப்படவில்லை.

“அவசரத்துல போட்டது. கோர்க்கிறவனுக்குப் புத்தி வேணாமா?”

கோர்ப்பவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இங்கிலீசு தெரியாத நான் ஒண்ணையும் மாத்தலீங்க. தெரிஞ்ச நீங்கதாங்க மாத்துனீங்க.”

இயந்திரத்தின் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். அதை விடுதிக்காரர் பொறுக்கவில்லை, முதலாளியும் பொறுக்கவில்லை.

“பெரிய மனுசங்ககிட்டப் பேசுற பேச்சா இது? நாளையிலருந்து வராதீங்க.” புரூப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், நீங்க வாயத் தொறக்க வேணாம்.”

நான் திறக்கவில்லை. அந்த அறையில் நடந்தவற்றில் என் கோபம் இன்றும் அதிகம் சுற்றிவருவது அந்த இடத்தைத்தான்.

துண்டை அன்றே மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் கோர்க்க வேறு ஆள் இல்லை. என் ஆறு திருத்தங்களோடு அவரே கோர்த்தார். விடுதிக்காரர் நாற்காலியில் அமர்ந்து, தேநீர் குடித்து, புதிய புரூப்பில் கையெழுத்திட்டார்.

கோர்ப்பவர் கை கழுவிவிட்டு, பஸ்ஸுக்குப் புறப்படும் முன் என் மேசைக்கு வந்தார்.

“இப்பச் சரியா இருக்குங்களா?”

“ஒரு பிழையும் இல்ல” என்றேன்.