கழல மறுத்த ஷூ

ஷூ கழலவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து வலது கால் ஷூவை இழுக்கிறார். வரவில்லை. குதிகாலைப் பிடித்து இழுக்கிறார். அப்போதும் வரவில்லை. பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை, "மணல் உள்ள போயிருக்கும் மாமா, லேஸை இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்கிறார்.

"டைட்டா கீது மாப்ள. நனஞ்சி சுருங்கிச்சோ இன்னாமோ" என்கிறார் இவர். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷம் மட்டும்தான்.

ஏன் கழலவில்லை என்று சொல்வதற்கு முன், அந்த ஷூ எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரியும். கேஸை மூடினேனா இல்லையா என்று பொன்னேரி வரைக்கும் போய்விட்டு, வந்த வேலையைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பியவள் நான். கவலைப்பட எதுவும் இல்லாத நாளில், இன்னும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று கவலைப்படுவேன். அதனாலேயே என் கவலைக்கு வீட்டில் மரியாதை கிடையாது. எப்போது பார்த்தாலும் அடிக்கிற மணியை யார் நின்று கேட்பார்கள்?

ஆனால் இந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, லைட்ஹவுஸ் குப்பத்திலேயே கடலுக்குப் போகிறவர். பல வருஷமாக சுகர். போன வருஷம் பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசுப் பெண். இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கும் இங்கும் தொட்டார்.

"தெரியுதாங்கய்யா?"

"தெரியுது."

"இப்போ?"

"தெரியுது."

ஒரு தடவை டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, தொடாமலேயே கேட்டார். "இப்போ?"

"நல்லாவே தெரியுது" என்றார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்த மனிதர் என்ன பரீட்சையா எழுதுகிறார், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி பாஸாவதற்கு? நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக்கூட வெட்கமில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிட்டு வருதுய்யா. எது குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. புண்ணானா சீக்கிரம் ஆறாது. உள்ள போயிடுச்சின்னா விரலை எடுக்கிற மாதிரி ஆகிடும். அப்புறம் விரலோட நிக்குமான்னும் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க. சோல் கனமா இருக்கிறதா போடுங்க."

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: "செருப்பு போட்டுக்கினு படகுல ஏறணுமாமே? பெத்த தாயி மேல செருப்போட ஏறுவாங்களா?"

எங்கள் கரையில் அப்படித்தான். படகு, வலை இரண்டின் கிட்டேயும் செருப்பு போகாது. சரி, படகில் வேண்டாம், ரோட்டிலாவது? வீட்டிலாவது? கனமான செருப்பு ஒன்று வாங்கி வந்தேன். அது கட்டிலுக்கு அடியில் போனது. தேடி எடுத்து வைத்தேன். மறுபடியும் போனது. கடைசியில் அதில் ஒன்றைத் தெரு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாய்க்கு இருந்த அக்கறைகூட இவருக்கு இல்லை.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார், தட்டோடு.

மாப்பிள்ளைக்கு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையன். மகளை நன்றாக வைத்திருக்கிறார். அதனால் ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாது... அதுதான் என் பிரச்சினையே. ஆபீஸ் நண்பர்களோடு ஏதோ 'டிஸ்க் கோல்ஃப்' ஆடிப் பழகியிருக்கிறார். பந்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் ஒரு கூடை. தட்டை வீசி, அது விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து மறுபடி வீசி, கூடைக்குள் போட வேண்டும். யார் குறைந்த வீச்சில் போடுகிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். இதற்கு இங்கிலீஷில் பெயர் வேறு.

லைட்ஹவுஸுக்குப் பின்பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டி, மாப்பிள்ளை கம்புகள் நட்டு, மேலே சைக்கிள் ரிம்மில் சங்கிலி தொங்கவிட்டு, கீழே மீன் கூடையைக் கட்டினார். சும்மா வேடிக்கை பார்க்கப் போன எங்கள் வீட்டுக்காரர் ஒரு தட்டை வாங்கி வீசிப் பார்த்தார். வீச்சு வலை வீசின கை. தட்டு வளைந்து போய் சங்கிலியில் மோதி கூடைக்குள் விழுந்தது.

அன்றோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனும் மருமகனும் தட்டும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டு தனம் கருவாடு காய வைத்திருக்கிற பாய் மேல் தட்டு விழும். "இன்னாக்கா, உங்க வூட்ல தட்டுல சோறு போட மாட்டியா? தட்ட தூக்கி வீசிக்கினு திரியறாரு" என்பாள் தனம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோப்பைச் சுற்றி வேலிகாத்தான் புதர். அந்த முள் சைக்கிள் டயரையே பஞ்சராக்கும். அதற்குள் வெறுங்காலோடு போய்த் தட்டை எடுத்து வருகிறார் இந்த மனிதர். மாப்பிள்ளையிடம் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். "ஷூ போட்டாத்தான் ஆட்டம்னு நீங்க சொல்லுங்க மாப்ள. நீங்க சொன்னா கேப்பாரு."

"கவலைய விடுங்க அத்தை" என்றார்.

அடுத்த வாரமே ஒரு டப்பா வந்தது. திறந்து பார்த்தால் ஷூ. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிறது. சோலைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம். என் கட்டைவிரலால் கீழே அழுத்தினால், உள்ளே விட்டிருந்த இன்னொரு விரலுக்குத் தெரிகிறது.

"இன்னா மாப்ள இது?"

"பேர்ஃபுட் ஷூ அத்தை. வெறுங்காலோட நடக்கிற மாதிரியே இருக்கும். தட்டை வீசும்போது உடம்பைத் திருப்பணும்ல, அப்போ தரை தெரியணும். தரை தெரிஞ்சாத்தான் பேலன்ஸ். வெறுங்கால் மாதிரி நடந்தா கால் நரம்பெல்லாம் ஆக்டிவ் ஆகும்னு வீடியோல சொல்றாங்க. மாமாவுக்கும் நல்லது."

நீங்களே சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்காதே என்று டாக்டர் சொல்கிறார். அதற்கு மருந்தாக, வெறுங்காலோடு நடக்கிற மாதிரியே இருக்கிற ஷூவா? வெறுங்கால் மாதிரி இருக்க வேண்டுமென்றால் வெறுங்காலே போதுமே, அது பிறக்கும்போதே கூட வந்ததுதானே? வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை ஆயிற்றே... காபி போட உள்ளே போய்விட்டேன்.

அதைவிடக் கொடுமை, இவருக்கு அது பிடித்துவிட்டது.

"ஒவ்வொரு மணலும் தெரியுது மாப்ள. கிளிஞ்சல் தெரியுது. ஈரம் எது, காஞ்சது எதுன்னு தெரியுது." நடந்து நடந்து காட்டினார். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'தெரியுது, தெரியுது' என்ற அதே குரல். எனக்கு மட்டும்தான் அது ஞாபகம் வந்தது.

"இது செருப்பே இல்லமே" என்று என்னிடம் சட்டம் பேசினார். "தோலு மாதிரி." அப்படிச் சொல்லி அதோடு படகிலும் ஏறிவிட்டார். கூடத் தொழில் செய்கிற காசி பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். "நைனா ஒன்னுமே போடாம இருந்ததுக்கு இப்போ ஏதோ போடுறாரேம்மா. அத்தோட வுடேன்" என்றாள். அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்தது. நியாயம் மாதிரி இருப்பதெல்லாம்தான் எனக்குப் பயமே.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கடைசிக் கூடைக்கு வீசும்போது மாப்பிள்ளையின் தட்டு, இவருடைய தட்டு, இரண்டுமே வேலிகாத்தான் புதருக்குள் போய் விழுந்தன. நான் டீ எடுத்துக்கொண்டு போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். காலில் ஒரே மாதிரி ஷூ. மாப்பிள்ளை நாலடி வைத்திருக்க மாட்டார்... "ஐயோ அம்மா" என்று ஒற்றைக் காலில் குதித்தார். சத்தம் கேட்டு வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முள். ஷூவைத் தாண்டிக் குத்திவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் புதருக்குள்ளிருந்தே சிரித்தார். "இன்னா மாப்ள, ஒரு முள்ளுக்கே அம்மாவ கூப்டறியே. எங்க ஆளுங்கள பாரு." தட்டை எடுத்தார். நிதானமாக நடந்து வெளியே வந்தார். குறி பார்த்து வீசினார். கூடையில் போட்டார். ஜெயித்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

வாசல்படியில் உட்கார்ந்தார். ஷூ கழலவில்லை.

நான்தான் காலைத் தூக்கி அடியைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சோலில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. முள்ளின் அடிக்கட்டை. முள் ஷூவைத் துளைத்து, காலுக்குள் முழுசாக இறங்கி, ஷூவையும் காலையும் சேர்த்து ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இன்னாய்யா, உனக்கு இது தெரியலயா?"

இவர் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "எங்க?" என்றார்.

மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. அவர் காலில் முள் குத்திய இடத்தை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். வலித்தவர் கத்தினார், பிடுங்கினார், தப்பித்தார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம். கத்தாமல் நடந்தவரைப் பார்த்து, என்ன தைரியம் என்று கரையே தலையாட்டியது. இந்த ஊர் மட்டுமில்லை, எந்த ஊரிலும் அப்படித்தானே? வலிக்கிறது என்று சொல்கிறவனைக் கேலி செய்வோம். சொல்லாதவனுக்கு வீரன் என்று பட்டம் கொடுப்போம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் காலைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளை காரில் பொன்னேரிக்குப் பறந்தோம். முள்ளை எடுத்தார்கள். உள்ளே ஒடிந்திருந்த நுனியையும் தோண்டி எடுத்தார்கள். டாக்டரம்மா அந்த ஷூவைக் கையில் வாங்கி, துணி மாதிரி சுருட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வேறு எங்கேயோ பார்த்தார். பிறகு டாக்டரம்மா அந்த நைலான் இழையை எடுத்தார்.

"கண்ணை மூடிக்குங்கய்யா. தெரியுதா?"

இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இப்போ?"

பேசவில்லை.

நான் பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லுய்யா, தெரியுதுன்னு சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பொய்யாவது சொல்லட்டும் என்று இருந்தது.

"இல்லம்மா" என்றார் இவர். "ஒன்னும் தெரியல."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

புண் ஆறுகிற வரைக்கும் கடலுக்குப் போகக் கூடாது, தண்ணீரில் கால் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆறிய பிறகும் கனமான சோல் வைத்த ஷூ, எங்கே போனாலும். தினமும் காலையில் நான் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். சிவப்பு கூடியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வாடை வருகிறதா. மாப்பிள்ளை தினமும் போன் செய்து, "அத்தை, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார். ஒரு நாளும் நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். புண் மெதுவாக, என் உயிரை வாங்கிக்கொண்டு, மூடியது. எல்லா விரலும் இருந்த இடத்தில் இருக்கிறது.

அடுத்த சண்டை ஆரம்பித்தது. "ரப்பர் ஷூ போட்டுக்கினு படகுல ஏற மாட்டேன். தொழிலே வேணாம்" என்றார் இவர். சாப்பாட்டையும் தள்ளி வைத்தார். பார்க்க வந்த காசி கேட்டான்.

"ஏண்ணே, தோலு மாதிரி ஒன்னு மாட்டிக்கினு ஏறினியே, அப்போ படகு கண்ண மூடிக்கினு இருந்திச்சா?"

காசி அதோடு விடவில்லை.

"புதுசா ஒரு ஜோடி வாங்கு. ரோட்டுல போடாத. கழுவி படகுலயே வச்சிக்க. மண்ணுலயே படாதது செருப்பாண்ணே? துடுப்பு மாதிரி அதும் ஒரு படகு சாமான். நீ வராம எனக்கு ஆளு கிடைக்கல, சொல்லிட்டேன்."

முடிந்தது. டாக்டர் சொல்லி, நான் சொல்லி, மகள் சொல்லி நடக்காதது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா காசி என்று கேட்டேன். "என்ன யாரு கேட்டாங்க அண்ணி?" என்றான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்போது படகுக்கு ஒரு ஜோடி, கரைக்கு ஒரு ஜோடி. கரை ஜோடியின் சோல் செங்கல் கனம். என் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், நகம்தான் வலித்தது. நிம்மதியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தட்டு வீசப் போனார்கள். புதருக்குள் தட்டு விழுந்தால் எடுக்கக் கூடாது, வெளியிலிருந்தே வேறு தட்டை வீசலாம் என்று மாப்பிள்ளை புது விதி போட்டிருக்கிறார். திரும்பி வந்த இவர் முகம் தொங்கிப் போயிருந்தது. முதல் தடவையாக மாப்பிள்ளையிடம் தோற்றுவிட்டாராம்.

"இந்த ஷூவாலதான்மே. தரையே தெரியல" என்று வாசல்படியில் உட்கார்ந்து இழுத்தார். இழுத்ததும் ஷூ கையோடு வந்தது.

தோற்கட்டும். இரண்டு காலோடு தோற்கட்டும்.