அத்தை பதில் சொன்ன கேள்வி

காலை பத்தேகால். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மண்டபத்துக்குள் முதலில் கண்ணில் பட்டது, வரிசையாக உட்கார்ந்திருந்த மாமியார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கர்ப்பிணி மருமகள். கர்ப்ப காலத்தில் மாத்திரைகளால் வரும் கேடுகள் பற்றிய கூட்டம். செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

மூன்றாவது வரிசையில் என் சித்தி மகள். மூன்றாம் மாதம். மடியில் ஆறு வயது மகன். அவனுக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வராது. பக்கத்தில் அவள் மாமியார்.

சித்தி மகள் கூமாப்பட்டியில் பிறந்தவள். சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு டாக்டரிடம் போவதும் நின்றது. பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்து, மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டி, அதே மாத்திரையை வாங்கிப் போவாள்.

மேடையில் டாக்டரம்மா அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னார். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கலாம். பேச்சும் படிப்பும் பின்தங்குவது வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். "அதுக்காக நீங்களா நிறுத்திராதீங்க. வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. டாக்டர்கிட்டச் சொன்னா வேற மருந்து பாக்கலாம்."

கூட்டம் முடிந்து பரிசோதனை. நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"மாத்திரை ஏதும் சாப்பிடுறியாம்மா?" என்று சித்தி மகளிடம் கேட்டார் டாக்டரம்மா.

மாமியார் முந்திக்கொண்டார். "என் மருமகளா? தலைவலித் தைலங்கூடத் தேய்க்க மாட்டா டாக்டரம்மா. மூத்தவன் வயித்துல இருக்கப்பவும் இதத்தான் கேட்டாவ. நாந்தான் சொன்னேன்." குரலில் பெருமை.

சித்தி மகள் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது?"

"வலிப்பு மாத்திரை அத்தே. சின்னப் புள்ளையில இருந்து போடுதேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பேரனைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம், "இவன் பேசாததும் இதுனாலயா?" என்றார்.

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. முன்னமே தெரிஞ்சிருந்தா, உண்டாகுறதுக்கு முந்தியே மருந்த மாத்தியிருக்கலாம்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா வெரட்டியிருப்பேன்?" என்றார் மாமியார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கே ஸ்கேனுக்கும் நரம்பு டாக்டருக்கும் எழுதிக் கொடுத்தார்.

அவர்கள் பையனை முதன்முதலாகப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனது அதற்கு அடுத்த வாரம்.